தரைக்குள் குழாயா? முதலில் ஒரு ஒர்க்ஷீட் போடுங்கள்!

விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டுத் தரையைச் சூடாக்குவது பற்றி எழுதினால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். மே மாத மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு மொட்டை மாடியில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர்த் தரைக்கு யாரும் தனியாகச் சூடு போட வேண்டியதில்லை. போதாக்குறைக்கு இது பீங்கான் ஊர். சூளைகளின் சூடும் எங்களுக்குப் புதிதல்ல.

ஆனாலும் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. வீடு கட்டுகிறவர் இரவெல்லாம் வீடியோ பார்க்கிறார். கனடாவில் இருக்கும் மகனும் போனில் சொல்கிறான், "அப்பா, இங்கே தரைக்குள்ளேயே வெந்நீர் ஓடுது, காலுக்கு எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா?" என்று. மறுநாள் காலையில் மேஸ்திரியிடம், "ஊட்டியில் கட்டுற வீட்டுக்கு அதைப் போட்டுடலாமா?" என்று கேட்கிறார். இன்னொருவர் ஒரு படி மேலே போய், "அதே குழாயில் குளிர்ந்த தண்ணீரை விட்டால் விருத்தாசலம் வீட்டுக்கு ஏசியே வேண்டாமே!" என்கிறார்.

இரண்டுமே முட்டாள்தனமான கேள்விகள் அல்ல. ஆனால் இரண்டுக்கும் பதில் கடைக்காரரின் கொட்டேஷனில் இல்லை. உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில், நீங்கள் இதுவரை திறக்காத ஸ்ப்ரெட்ஷீட்டில் இருக்கிறது. தரைக்குள் புதைத்த குழாயை பிடிக்கவில்லை என்று கழற்றி மாட்ட முடியாது. அதன்மேல் கான்கிரீட் காரை, அதன்மேல் டைல்ஸ். தப்பென்று தெரியும்போது மொத்தத் தரையையும் உடைக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், ஒர்க்ஷீட் போடாதவர் குழாய் போடக் கூடாது.

முதலில் விஷயம் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தரையின் அடியில் ஒரு ஃபோம் ஷீட். அதன்மேல் 16 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் (பெக்ஸ் என்பார்கள்) பாம்பு போல வளைந்து வளைந்து அறை முழுக்க ஓடும். அதன்மேல் காரை, டைல்ஸ். 35 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு சிறிய பம்ப் சுற்றி வரச் செய்யும். தரை மெல்லச் சூடாகி, அறையும் சூடாகும். யோசனை பழையதுதான். ரோமானியர்கள் தரைக்கு அடியில் வெப்பக் காற்றை விட்டார்கள். கொரியர்கள் அடுப்புப் புகையையே தரைக்கு அடியில் செலுத்தினார்கள், அதற்கு ஒண்டோல் என்று பெயர். இன்று கொரியாவின் அடுக்குமாடி வீடுகளில் அதே ஒண்டோல் வெந்நீர்க் குழாயாக ஓடுகிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஸ்ப்ரெட்ஷீட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இலவசம், மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அதில் கால்க் என்ற புரோகிராமைத் திறங்கள். ஐந்து நெடுவரிசைகள் போதும். பகுதி, பரப்பு, யு மதிப்பு, வெப்ப வித்தியாசம், வாட்.

யு மதிப்பு என்றதும் பயப்படாதீர்கள். ஒரு சதுர மீட்டர் சுவர். உள்ளே வெளியே ஒரு டிகிரி வித்தியாசம். அப்போது அதன் வழியாக எத்தனை வாட் வெப்பம் தப்பிப் போகிறது என்பதுதான் அந்த எண். இரு பக்கமும் பூசிய 9 அங்குல செங்கல் சுவருக்கு சுமார் 2. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு சுமார் 5.5. மேலே எதுவும் போடாத கான்கிரீட் கூரைக்கு சுமார் 3. எண் பெரிதாக இருந்தால் ஓட்டை பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி வீட்டில் ஒரு படுக்கையறையை எடுப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். இரண்டு சுவர்கள் வெளிப்பக்கம். ஜனவரி இரவில் வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்று வைத்தால் வித்தியாசம் 15. இந்த 15-ஐ தாளின் மேலே ஒரே ஒரு செல்லில் மட்டும் டைப் செய்யுங்கள். வாட் நெடுவரிசையில் சமக்குறி போட்டு, பரப்பு செல்லைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி தட்டி, யு மதிப்பு செல்லைக் கிளிக் செய்து, மறுபடி நட்சத்திரம் தட்டி, அந்த 15 இருக்கும் செல்லைக் கிளிக் செய்யுங்கள். அந்தச் செல்லின் பெயரில் எழுத்துக்கு முன்னால் ஒரு டாலர் குறியும் எண்ணுக்கு முன்னால் ஒரு டாலர் குறியும் சேர்த்துவிட்டால், ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அந்தச் செல் மட்டும் நகராது. கம்ப்யூட்டர் சென்டர்களில் மார்க் ஷீட் போடச் சொல்லிக் கொடுத்த அதே வித்தைதான். அதை இதற்குப் பயன்படுத்தலாம் என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை!

சுவர் 19 சதுர மீட்டர், யு மதிப்பு 2. வருவது 570 வாட். ஜன்னல் 2 சதுர மீட்டர், 165 வாட். கூரை 12 சதுர மீட்டர், 540 வாட். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக உள்ளே வரும் குளிர்ந்த காற்றுக்கு ஒரு வரி: அறையின் கன அளவு 36, அதை 0.33-ஆலும் 15-ஆலும் பெருக்குங்கள். மணிக்கு ஒருமுறை அறைக் காற்று மாறுவதாக வைத்தால் சுமார் 178 வாட். கூட்டினால் 1,453 வாட். தரைப் பரப்பான 12-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 121 வாட்.

இங்கேதான் கொட்டேஷன் சொல்லாத விஷயம் இருக்கிறது. தரையை இஷ்டத்துக்குச் சூடாக்க முடியாது. காலுக்குச் சுடும். ஐரோப்பிய தரவிதியான இஎன் 1264, ஆட்கள் புழங்கும் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது (குளியலறைக்கு 33). அறை 20 டிகிரி, தரை 29 டிகிரி என்றால், தரையால் சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 100 வாட் அளவுக்குத்தான் தர முடியும். நம் அறைக்கோ 121 வேண்டும். அதிலும் கட்டிலும் பீரோவும் மறைக்கும் இடம் வேறு. ஆக, கை நிறையப் பணம் கொடுத்துக் குழாய் புதைத்த பிறகும் அந்த அறை ஜனவரியில் குளிரும். குழாய் போட்டவர் "பாய்லரைக் கொஞ்சம் கூட்டி வையுங்க" என்பார். கூட்டினால் தரை சுடும், கரண்ட் பில்லும் சுடும்.

இப்போது தாளில் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். கூரையின் யு மதிப்பு 3 என்பதை அழித்து 0.6 என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். கூரைக்கு மேல் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள நல்ல ஃபோம் ஷீட் போட்டால் ஏறக்குறைய அந்த மதிப்பு கிடைக்கும். 540 வாட் இருந்த இடத்தில் 108. மொத்தம் 1,021. சதுர மீட்டருக்கு 85 வாட். தரை சமாளித்துவிடும்!

குழாயைத் தொடவே இல்லை. கூரையைத்தான் தொட்டோம். என் கருத்தின் சாரம் இதுதான்: தரையில் பணம் போடுவதற்கு முன் கூரையில் போடுங்கள். ஒர்க்ஷீட் போட்டவர் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். போடாதவர் வீடு குடிபோன முதல் குளிர்காலத்தில் கண்டுபிடிப்பார்.

எங்கள் ஊர் சூளைத் தொழிலாளியிடம் இதைச் சொன்னால், "இதுக்கு கம்ப்யூட்டர் வேறயா?" என்று கேட்பார். பீங்கான் சூளைக்குள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்போது அவர் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார். எப்படி? எரிபொருளைப் பற்றி யோசிக்கும் முன்பே சூளையின் சுவருக்கும் கூரைக்கும் வெப்பம் தாங்கும் செங்கல், அதன் பின்னால் வெப்பத்தைக் கடத்தாத லேசான செங்கல் என்று அடுக்கியிருக்கிறார்கள். சூட்டை உண்டாக்குவது இரண்டாவது வேலை. உண்டான சூட்டைத் தப்பவிடாமல் வைப்பதுதான் முதல் வேலை. வீடு கட்டும்போது மட்டும் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

சரி, கணக்கு சரியாக வந்துவிட்டது, ஊட்டியில் போட்டுவிடலாமா? அங்கேயே வருஷம் முழுக்கக் குடியிருப்பவர், புதிதாகக் கட்டுகிறவர், வீட்டில் வயதானவர்கள் இருப்பவர் என்றால் போடலாம் என்றே சொல்வேன். சத்தம் இல்லை, காற்று வறண்டு போவதில்லை, காலையில் எழுந்து தரையில் கால் வைக்கும்போது உடம்பு நடுங்குவதில்லை. ஆனால் சனி ஞாயிறு மட்டும் போய்த் தங்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். கான்கிரீட் தரை சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும். வெள்ளி இரவு போய் சுவிட்சைப் போட்டால், இதமாக ஆகும் நேரத்தில் நீங்கள் ஞாயிறு பஸ்ஸுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த வீட்டுக்கு, சூடும் தரக்கூடிய இன்வர்ட்டர் ஏசி ஒன்று போதும். பத்து நிமிடத்தில் அறை வெதுவெதுப்பாகிவிடும்.

கரண்ட் பில்லையும் அதே தாளில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி நான்கு அறை என்றால் 4 கிலோவாட். இரவு 10 மணி நேரம் ஓடினால் 40 யூனிட். எல்லா இரவும் அத்தனை குளிராக இருக்காது, பாதி என்று வையுங்கள், 20 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருகிற நம் ஊரில் அது 1,200 யூனிட் ஆகிவிடும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் கட்டண முறை என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரண ஹீட்டர் காயிலுக்குப் பதில் ஹீட் பம்ப் வைத்தால் இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஹீட் பம்பின் விலையையும், இந்த வித்தியாசத்தையும் பக்கத்துப் பக்கத்து செல்லில் வைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். குளிர்காலத்திலும் பகலில் வெயில் அடிக்கும் மலையூர்களில் கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டரும் கைகொடுக்கும்.

இனி சமவெளிக்கு இறங்குவோம்.

குளிர்ந்த தண்ணீர் ஓடினால்?

விருத்தாசலம் வீட்டுத் தரையில் குளிர்ந்த தண்ணீரை விடும் யோசனை காகிதத்தில் அழகானது. இந்தியாவில் நடந்தும் காட்டியிருக்கிறார்கள். 2011-ல் ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தைக் கட்டியபோது, ஒரு பாதிக்கு வழக்கமான ஏசியும் மறு பாதிக்கு கான்கிரீட் தளத்துக்குள் ஓடும் குளிர்ந்த நீர்க் குழாயும் வைத்து இரண்டையும் அளந்து பார்த்தது. குழாய் வைத்த பாதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரத்தில் ஓடியது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள்.

ஆனால் அங்கே குழாய் மட்டும் தனியாக இல்லை. உள்ளே விடும் காற்றின் ஈரத்தை எடுத்துவிட்டு விடும் இயந்திரமும் கூடவே ஓடுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் நம் வீட்டில் அது கிடையாது. அப்போது என்ன ஆகும்? ஐஸ் வாட்டர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே போல உங்கள் ஹால் தரை வியர்க்கும்.

எந்த டிகிரியில் வியர்க்கும் என்பதையும் தாளில் போடலாம். நூறிலிருந்து காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, அதை அறை வெப்பத்திலிருந்து கழியுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது இந்தக் குறுக்குவழி நன்றாகவே வேலை செய்யும். அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 25 டிகிரி. தரை அதற்குக் கீழே போனால் ஈரம் கோக்கும். பளபளப்பான வெர்டிஃபைடு டைல்ஸில் அந்த ஈரம் எத்தனை ஆபத்து என்பதை வீட்டில் பாட்டி, தாத்தா இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் தரையை 26 டிகிரியில் நிறுத்துகிறோம் என்று வையுங்கள். குளிர்விக்கும்போது தரை, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு சதுர மீட்டருக்கு 7 வாட் அளவில்தான் வெப்பத்தை இழுக்கும். 4 டிகிரிக்கு 28 வாட். 12 சதுர மீட்டர் அறைக்கு 336 வாட். ஒரு டன் ஏசி ஒன்றின் திறன் சுமார் 3,500 வாட். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை! இதற்காகத் தரையை உடைத்துக் குழாய் போடச் சொல்கிறவரிடம் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், இந்த நாலு வரிக் கணக்கை மட்டும் பிரிண்ட் எடுத்து நீட்டுவேன்.

சரி, எங்கள் ஊர் வீட்டுக்குள் வெப்பம் எங்கிருந்துதான் வருகிறது? மறுபடியும் அதே கூரை. மே மாத மதியத்தில் மொட்டை மாடி 55 டிகிரியைத் தொட்டு, கீழே அறை 30 டிகிரியில் இருந்தால், 12 சதுர மீட்டர் கூரை வழியாக 900 வாட் உள்ளே இறங்கும். ஹீட்டர் ஒன்றைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு அடியில் படுத்திருப்பது போல. கான்கிரீட் அந்தச் சூட்டைத் தேக்கி வைத்து மெதுவாக விடுவதால்தான் வெயில் இறங்கிய பிறகும் இரவு பத்து மணி வரை ஃபேன் அனல் காற்றை வீசுகிறது. யு மதிப்பை 3-லிருந்து 0.6-க்கு மாற்றினால் 900 என்பது 180 ஆகிவிடும். தரைக் குழாய் இழுக்கும் 336 எங்கே, கூரை ஷீட் தடுக்கும் 720 எங்கே!

இதெல்லாம் என் சொந்த ஆசை மட்டுமல்ல. மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு 2018-ல் வீடுகளுக்காக வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதிகள், கூரையின் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கின்றன. நம் வெறும் கான்கிரீட் கூரை அதைப்போல இரண்டரை மடங்கு. முந்தைய தலைமுறை மெட்ராஸ் டெரஸ் என்றும், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து அதன்மேல் தட்டோடு பதித்தும் செய்தது ஓரளவு இதே வேலையைத்தான். செலவைக் குறைக்க அதை விட்டோம். இப்போது ஏசிக்கும், வராத குளிருக்கும் செலவழிக்க யோசிக்கிறோம். குறைந்த செலவில் முடிக்க வேண்டுமென்றால் மாடியில் வெள்ளை டைல்ஸ், அதுவும் முடியாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பினால் அந்த 55 டிகிரியே இறங்கிவிடும்.

"இதையெல்லாம் என்ஜினீயர் பார்த்துக்கொள்ள மாட்டாரா, நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்கலாம். நல்ல என்ஜினீயர் பார்ப்பார். ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் விலை சதுர அடிக் கணக்கில்தான் பேசப்படுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும்போது உங்கள் கூரையும் ஜன்னலும் அதில் எங்கே இருக்கின்றன? வடக்குப் பார்த்த அறைக்கும் மேல்தள அறைக்கும் ஒரே விலை, ஒரே இடைவெளியில் குழாய். உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "இந்த அறைக்கு எத்தனை வாட் என்று கணக்கு போட்டீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மலையூர் வீட்டுக்குப் போடுவதென்று முடிவெடுத்தவர்களுக்குச் சில விஷயங்கள். குழாய்களை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டினால் சதுர மீட்டருக்கு சுமார் 6.7 மீட்டர் குழாய் பிடிக்கும். நம் 12 சதுர மீட்டர் அறைக்கு 80 மீட்டர். 16 மில்லிமீட்டர் குழாயில் ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்ட விடாதீர்கள், தண்ணீர் கடைசிவரை சூட்டோடு போய்ச் சேராது. தரைக்கு அடியில் ஃபோம் ஷீட் போடாமல் குழாயை மட்டும் போட்டால் நீங்கள் காசு கொடுத்து மலையைச் சூடாக்குகிறீர்கள். சுவரோரம் சுற்றிலும் ஃபோம் பட்டை வேண்டும், தரை விரிந்தால் அதற்கு இடம் தர. காரை கொட்டும் முன் குழாயில் 4 முதல் 6 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதியுங்கள், கொட்டும்போதும் அழுத்தம் இருக்கட்டும். மண்வெட்டி பட்டால் அழுத்தமானி அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

காரை காய்வதில் அவசரம் கூடாது. சிமெண்ட் காரை போட்டு 21 நாளாவது ஆன பிறகுதான் முதல்முறை சூடேற்ற வேண்டும். முதல் மூன்று நாள் 20 முதல் 25 டிகிரித் தண்ணீர், அடுத்த நான்கு நாள் முழுச் சூடு. டைல்ஸ் அதற்குப் பிறகுதான். புதுச் சூளையை முதல்நாளே முழுத் தீயில் வைத்தால் என்ன ஆகும் என்று விருத்தாசலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைசியாக, எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேலை. ஊட்டியாக இருந்தாலும் சரி, விருத்தாசலமாக இருந்தாலும் சரி. சுவருக்குள் ஒயர் பைப், தரைக்குள் தண்ணீர் பைப் எது போட்டாலும், மூடுவதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் டேப்பை நீட்டி வைத்து, அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். செல்போன் கேமராவே போதும். கம்ப்யூட்டரில் வீட்டின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அறைக்கு ஒரு ஃபோல்டர். ஒர்க்ஷீட்டும் அதிலேயே இருக்கட்டும். செல்போன் தொலையும், ஹார்ட் டிஸ்க் ஒருநாள் போகும். ஆகவே பென் டிரைவில் ஒரு பிரதி, இன்டர்நெட்டில் ஒரு பிரதி. ஐந்து வருஷம் கழித்து டிவி ஸ்டாண்டுக்காக டிரில்லிங் மெஷினோடு ஒருவர் வந்து நிற்பார். அவர் கேட்கும் முதல் கேள்வி, "சார், இதுக்குள்ள பைப்பு ஏதாச்சும் போகுதா?"